மூன்றாம் மாடியில் மூன்றடித் தண்ணீர்

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்று ஒருவர் பொத்தான்காரியைக் கேட்டார்.

கேட்ட இடம் கடற்கரை அல்ல. மூன்றாவது மாடியில் அவள் வீட்டு வாசற்படி. கேட்டவரின் இடுப்பில் ஆரஞ்சு நிற ரப்பர் வளையம், கழுத்தில் விசில், தோளில் ஏணி மாதிரி உயரமான ஒரு மடக்கு நாற்காலி. மூன்று மாடி ஏறியதில் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. லிஃப்ட் ஓடவில்லை. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்கிற ஒரே ஆள் பொத்தான்காரியின் கணவன். அவன் போன மாதம் அதே லிஃப்டின் குழிக்குள் விழுந்து, தொடைவரை மாவுக்கட்டோடு உள்ளறையில் படுத்திருந்தான். லிஃப்ட் சரியாக வேண்டுமானால் அவன் கீழே போக வேண்டும். அவன் கீழே போக வேண்டுமானால் லிஃப்ட் சரியாக வேண்டும்.

பொத்தான்காரி அதிகம் பேச மாட்டாள். சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. நாளெல்லாம் உதட்டில் ஊசி இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஊசி இல்லாத நேரத்திலும் வாய் மூடியே இருந்தது. தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்ப நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கேன்,” என்று அவர் ஒரு தாளை நீட்டினார். “நான் உயிர்காப்பாளர். ஒருங்கறிவு வாரியம் அனுப்பிச்சிருக்கு. உங்க வீட்டுல மூணு அடி தண்ணி நிக்குதுங்க.”

அவள் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். காலையில் பெருக்கிய தரை. அதில் ஒரு நூல்கண்டு உருண்டு கிடந்தது.

“யாரு வாசல்ல?” என்று கணவன் உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

“நாம முங்கிட்டோமாங்க,” என்றாள் அவள்.

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமையிலேருந்து,” என்றார் உயிர்காப்பாளர், தாளைப் பார்த்து.

ஒருங்கறிவு வாரியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஊரில் உள்ள எல்லாச் சுவர்களிலும் வாரியம் கட்டைவிரல் நகம் அளவில் வெள்ளை வெள்ளையாக உணரிகளை ஒட்டியிருந்தது. சூடு, ஈரம், வாசனை, காலடி எல்லாவற்றையும் அவை கவனிக்கும். வெறும் கருவிகள் அல்ல. அவற்றுக்குச் சொந்த அறிவு உண்டு, சொந்த முடிவும் உண்டு. ஒன்றை ஒன்று கலந்து பேசிக்கொள்ளும். அவை சொல்வதை எல்லாம் வாரியம் ஒன்றாகச் சேர்த்து, மணிக்கு ஒருமுறை ‘கூட்டு முடிவு’ என்று வெளியிடும். கூட்டு முடிவுக்கு மேல் பேச்சில்லை. சனங்கள் அந்த உணரிகளுக்கு மூட்டைப்பூச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். பொத்தான்காரி வீட்டில் நான்கு மூட்டைப்பூச்சிகள், கட்டடம் முழுக்க நாற்பத்தொன்று.

தாளில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, இந்த வீட்டில் தேவைக்கு மேல் தண்ணீர் இருப்பதால் குழாய் இணைப்பு நிறுத்தப்படுகிறது. இரண்டு, ஏழு நாளில் தண்ணீர் வடியாவிட்டால் இந்த முகவரி ‘நீர்நிலை’ என்று பதிவாகும். நீர்நிலையில் மனிதர் குடியிருக்கக் கூடாது.

சமையலறையில் குழாயைத் திறந்து பார்த்தாள். அது ஒரு முறை இருமிவிட்டு ஓய்ந்தது.

உயிர்காப்பாளர் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் விரித்துப் போட்டு ஏறி உட்கார்ந்தார். காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். பொத்தான்காரி சமையலறையிலிருந்து உள்ளறைக்குப் போகும்போது விசில் அடித்தார்.

“அந்தப் பக்கம் ஆழம்மா. சுவரை ஒட்டிப் போங்க.”

“ஏன் சார்,” என்றான் கணவன், படுத்தபடியே. “உங்க கண்ணுக்குத் தரை தெரியுதா இல்லையா?”

“தெரியுதுங்க. ஆனா சீருடையில இருக்கும்போது வாரியம் பார்க்கறதைத்தான் நான் பார்க்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எனக்கும் தரைதான்.”

“இதுக்கு முன்னாடி யாரையாவது காப்பாத்தியிருக்கீங்களா?”

“போன மாசம் ஒரு நூலகத்துல போட்டாங்க. எட்டு பேரை அலமாரி மேல ஏத்தி உக்கார வெச்சேன். ஒருத்தர் வர மாட்டேன்னு படிச்சிக்கிட்டே இருந்தாரு. மூழ்கிட்டார்னு எழுதிக்கிட்டாங்க.”

அன்று மத்தியானம் எதிர்வீட்டு டீச்சர் மனம் கேட்காமல் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாசல் மூட்டைப்பூச்சி அதைக் கவனித்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று மற்றவற்றிடம் சொன்னது. நான்கு மணிக் கூட்டு முடிவில் மூன்றடி, மூன்றேகால் அடியானது. மறுநாள் பொத்தான்காரி கீழேயிருந்து குடத்தில் சுமந்து வந்தாள். மூன்றரை. பக்கத்து வீடுகளிலிருந்து பதினோரு பேர் வந்து, காய்ந்த தரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அதில் இரண்டு பேர் துவைத்து உலர்த்திய துண்டைத் தோளில் போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு அந்த வீடு ‘பொதுமக்கள் குளிக்குமிடம்’ என்று அறிவிக்கப்பட்டது.

“இனிமே குடிக்காம இருந்தாத்தான் வீடு தங்கும் போல,” என்றான் கணவன். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். ஆனால் அவன் உதடு வெடித்திருந்தது. மாத்திரையை அரை மடக்கில் விழுங்கினான். கட்டுக்குள் கால் அரித்தது, வியர்த்தது. ஈரத்துணியால் துடைத்துவிடத் தண்ணீர் போதாது. வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் அவனை எப்படிக் கீழே இறக்குவது என்று அவள் யோசித்தாள். மூன்று மாடி, அறுபத்தாறு படி. குடம் சுமக்கும்போது எண்ணியிருந்தாள்.

மூன்றாம் நாள் மீன்வளத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும், மீன் இருந்தால் எண்ண வேண்டும் என்றார். பொத்தான்காரியின் கிண்ணத்தில் இருந்தவற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணி எழுதினார்: ‘குஞ்சுகள், இருநூற்றுப் பன்னிரண்டு. வட்ட வடிவம். அசைவு குறைவு. ஒவ்வொன்றுக்கும் நான்கு கண்.’ போகும்போது, தீனி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் அவள் வாரியத்துக்குப் போனாள்.

வாரியத்தின் தலைமையகத்தில் ஜன்னல்கள் கிடையாது. சுவர், தூண், நாற்காலிக் கால், மேஜையின் அடிப்பக்கம், எங்கே பார்த்தாலும் மூட்டைப்பூச்சிகள். வாசலில் ஒரு பலகை: ‘இங்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குத் தெரியும்.’ பேசக் கூச்சப்படுகிற பொத்தான்காரிக்கு முதலில் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

முறையீட்டுப் பிரிவு அதிகாரி அவளை உட்காரச் சொன்னார்.

“வீடு காஞ்சு கிடக்குதுங்க,” என்றாள். நாலு நாளில் அவள் வெளியாளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

“அப்படின்னு யார் சொல்றா?”

“நான்தான்.”

“அதைத்தான் கேக்கறேன். நேர்ல பார்க்கறதுங்கறது என்ன? ஒரே ஆள், ரெண்டே கண்ணு. அதுவும் அந்த வீட்டுலயே குடியிருக்கற ஆளு. எப்படி நடுநிலையா இருக்க முடியும்? அதனால வாரியம் ஒவ்வொரு சாட்சிக்கும் எடை போட்டு வெச்சிருக்கு. ஒரு உணரிக்கு எடை ஒண்ணு. வீட்டுல குடியிருக்கற ஒரு ஆளுக்கு எடை ஐம்பதுல ஒண்ணு.” கணக்குப் பொறியைத் தட்டினார். “உங்க கட்டடத்துல நாற்பத்தொரு உணரி தண்ணின்னு சொல்லுது. அதுக்குச் சமமா ரெண்டாயிரத்து ஐம்பது பேர் வந்து இல்லைன்னு சொன்னா பரிசீலிக்கலாம். ஆனா அத்தனை பேர் உங்க வீட்டுல ஏறி நின்னா கட்டடம் இடிஞ்சிரும். இடியறதுக்கு வேற பிரிவு.”

“நீங்க ஒருதடவை வந்து பார்த்தீங்கன்னா...”

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. “அம்மா, நான் இந்தப் பிரிவுல பத்தொன்பது வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் எந்த இடத்தையும் போய்ப் பார்த்ததில்லை. என்னைப் பத்தி அப்படி ஒரு புகார் கிடையாது. ஓய்வு பெறப்போற நேரத்துல கெட்ட பேர் வாங்கித் தராதீங்க.”

இருந்தாலும் அவர் ஏழாம் நாள் பதினோரு மணிக்கு இயக்குநர் முன்னால் விசாரணை என்று தேதி எழுதிக் கொடுத்தார். அதில் முத்திரை வைக்க ஐந்தாம் கவுன்டருக்குப் போகச் சொன்னார்.

ஐந்தாம் கவுன்டரில் சளி பிடித்த ஒரு பெண் இருந்தாள். அவள் காலடியில் ஒரு குடை, நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது. குடைக்கு அடியில் நான்கு மடிப்பு பிளாஸ்டிக் விரிப்பு.

“காலையில மழையில நனைஞ்சிட்டேன். ஆனா மழையில்லைன்னுதான் இன்னிக்குக் கூட்டு முடிவு,” என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லிராதீங்க. தரையில ஒரு சொட்டு படக் கூடாது, அதான் விரிப்பு. இந்தக் கட்டடத்துல ஆயிரத்து இருநூறு உணரி இருக்கு. எல்லாம் ரொம்ப ஒத்துமை.”

பொத்தான்காரி தாளை நீட்டினாள். அந்தப் பெண் முகவரியைப் படித்துவிட்டுக் கணினியில் எதையோ தட்டினாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“போன செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுல ஏதாச்சும் கொட்டிச்சாக்கா?”

பொத்தான்காரிக்கு நினைவு வந்தது. பொத்தான் ஊறவைத்திருந்த கிண்ணம் கை தவறி, சமையலறைத் தொட்டிக்கு அடியில் கவிழ்ந்தது. உடனே துடைத்துவிட்டாள். அரைக் கிண்ணம் இருக்கும்.

“அதுதான். தொட்டிக்கு அடியில இருக்கற உணரி ஈரம்னு சொல்லியிருக்கு. சரி. அது உள்ளறை உணரிகிட்ட சொல்லியிருக்கு. அது கண்ணு காது மூக்கு வெச்சு வாசல் உணரிகிட்ட சொல்லியிருக்கு. அது எதிர்வீட்டுக்கு, எதிர்வீடு மாடிப்படிக்கு. புதன்கிழமை சாயங்காலம் நாற்பது பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. யாரும் பார்க்கலை, எல்லாருக்கும் தெரியும். இதுக்குள்ள தொட்டிக்கு அடியில காஞ்சுபோச்சு. அந்த முதல் உணரிக்கே சந்தேகம் வந்திருக்கு, நாம சொன்னது சரிதானான்னு. அக்கம்பக்கத்துல விசாரிச்சிருக்கு. நாற்பது பேரும், ஆமா, வெள்ளம்னு சொல்றாங்க. அது பாவம், நாம மட்டும் தப்பா இருக்க முடியுமான்னு மூணு அடின்னு எழுதிக்கிச்சு.”

“அப்ப அதை அழிச்சிருங்களேன்மா.”

“அழிக்க முடியாதுக்கா. தண்ணியோட கூட்டுத்தொகைன்னு ஒண்ணு இருக்கு. ஊர்ல மொத்தம் இவ்வளவு தண்ணின்னு வாரியம் சொல்லிருச்சு. அது குறையாது, கூடாது. உங்க வீட்டுல இல்லைன்னா வேற எங்க இருக்குன்னு நாம காட்டணும். உங்க வீட்டுத் தண்ணி வேற எங்கயாவது போய் நின்னாத்தான் உங்க வீடு காயும்.” அவள் தும்மினாள். “போன வருஷம் ஒருத்தர் தன் வீட்டுத் தண்ணியை மச்சான் வீட்டுக்கு எழுதிக் குடுத்தாரு. இப்ப பேச்சுவார்த்தை இல்லை.”

பொத்தான்காரி முத்திரை வைத்த தாளை மடித்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து போகும்போது, வழியில் இருந்த ஒவ்வொரு வீட்டையும் பார்த்தாள். ஒரு வீட்டில் குழந்தை அழுதது. ஒரு வீட்டில் வெயிலில் மெத்தை காயப்போட்டிருந்தார்கள். யார் வீட்டுக்கு அனுப்புவது? அவளுக்கு மனசு வரவில்லை.

ஏழாம் நாள் காலையில் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மட்டம் ஏறிவிடும் என்று அந்த ஒரு குடத்துக்கு மேல் அவள் சுமக்கவில்லை; அது முந்தின நாளே தீர்ந்திருந்தது. கணவன் பேச வாயெடுத்தான், நாக்கு ஒட்டிக்கொண்டது. உயிர்காப்பாளர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். தன் பாட்டிலைத் திறந்து, மூட்டைப்பூச்சிக்கு முதுகைக் காட்டியபடி, அவன் வாயில் நனைத்துவிட்டார்.

“மணி ஒன்பதுதானே ஆகுது. சீருடையில இருக்கீங்களே,” என்றான் கணவன்.

“வளையத்தைக் கழட்டிட்டேன்,” என்றார் அவர். பிறகு பொத்தான்காரியிடம் சொன்னார்: “நீங்க போய்ட்டு வாங்கம்மா. சாரை நான் பார்த்துக்கறேன். பன்னிரண்டு மணிக்குப் பதிவு பண்ணிட்டாங்கன்னா நானே உங்களை வெளியேத்தணும். அந்த வேலைக்கு நான் வரலைம்மா.”

விசாரணை மண்டபத்தில் நீள மேஜைக்குப் பின்னால் இயக்குநர், துணை இயக்குநர், இன்னும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்கு எதிரே அவளுக்கு ஒற்றை நாற்காலி. பக்கத்தில் சின்ன முக்காலி, அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர். சுவரில் பெரிய திரை. அதில் ஊரில் உள்ள முகவரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுடையது சிவப்பில் இருந்தது: மூன்றரை அடி.

இயக்குநர் எழுந்தார். அவருடைய கோட்டின் நடுப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தான்காரியால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“நம்ம வாரியத்து மேல ஒரு சந்தேகம் வந்திருக்கு,” என்று அவர் தொடங்கினார். “நல்லது. சந்தேகம் வரட்டும். நான் பெருமைக்காகச் சொல்லலை, முப்பது வருஷமா நான் ஜன்னல் வழியா வெளிய பார்த்ததில்லை. அதனால என் முடிவுகள்ல சொந்தக் கருத்துங்கற அழுக்கு ஒட்டினதில்லை. எனக்குத் தெரிஞ்சது எல்லாமே துணை இயக்குநர் சொல்லித் தெரிஞ்சதுதான்.”

துணை இயக்குநர் பாதி எழுந்து வணங்கினார். “எனக்குத் தெரிஞ்சது எல்லாமே இயக்குநர் ஐயா சொல்லித் தெரிஞ்சது.”

“பாருங்க. ரெண்டு பேர் தனித்தனியா ஒரே விஷயத்தைச் சொல்றோம். இதுக்குப் பேர்தான் உறுதிப்படுத்தல்,” என்றார் இயக்குநர். “ஒருத்தர் சொன்னா வதந்தி. நாற்பது பேர் சொன்னா தகவல். நாற்பது பேரும் ஒரே ஆள்கிட்ட கேட்டுச் சொன்னாங்களான்னு சிலர் கேக்கறாங்க. அப்படிக் கேக்கறது அந்த நாற்பது பேரோட சுயமரியாதையை அவமதிக்கறது. போன வருஷம் இந்த அம்மாவை மாதிரியே ஒருத்தர் வந்தார். தன் வீட்டுல தீப்பிடிச்சிருக்குன்னு கத்தினார். கூட்டு முடிவுல தீயே இல்லை. நாங்க பொறுமையா எடுத்துச் சொன்னோம். கடைசியில அவர் வீடும் இல்லை, தீயும் இல்லை. யார் சொன்னது சரியாச்சு?”

ஆறு பேரும் மேஜையைத் தட்டினார்கள்.

“அம்மா ஏதாவது சொல்றீங்களா?” என்றார் துணை இயக்குநர்.

அவளுக்குத் தொண்டை வறண்டு ஒட்டியிருந்தது. தம்ளரை எடுத்தாள். ஒரு நாளைக்குப் பிறகு குடிக்கிற தண்ணீர். மெதுவாக, பாதிவரை குடித்தாள். மீதிப் பாதியைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். காலை ஒட்டி, தரையோடு தரையாக, ஒரு வெள்ளை மூட்டைப்பூச்சி இருந்தது. இங்கே குழந்தை இல்லை, காயப்போட்ட மெத்தை இல்லை.

செடிக்கு ஊற்றுவது போல அதன் தலையில் ஊற்றினாள். தம்ளரைப் பழையபடி முக்காலியில் வைத்தாள்.

“ஒண்ணும் இல்லைங்களா? சரி. அப்ப பன்னிரண்டு மணிக்கு...” என்று இயக்குநர் ஆரம்பிக்கும்போது கூரையிலிருந்து ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது: “இடைக்காலக் கூட்டு முடிவு. தலைமையகம், விசாரணை மண்டபம். ஈரம்.”

எட்டுப் பேரும் தங்கள் காலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார்கள்.

பொத்தான்காரியின் வீட்டில் இரண்டு நாள் பிடித்த வேலை, இங்கே ஆயிரத்து இருநூறும் நெருங்கி உட்கார்ந்திருந்ததால், நான்கு நிமிடம்தான் பிடித்தது. “அரை அடி,” என்றது குரல். அதிகாரிகள் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். “ஒன்றரை அடி.” நாற்காலியில் ஏறி நின்றார்கள். “மூன்றடி. ஆயிரத்து இருநூறு உணரிகளும் ஒருமித்து உறுதிசெய்கின்றன.” மேஜைமேல் ஏறினார்கள். முறையீட்டுப் பிரிவு அதிகாரி கதவைத் திறந்து உள்ளே வந்தார், திரையைப் பார்த்தார், வந்த வேகத்தில் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். துணை இயக்குநர் கோப்புகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, எங்கேருந்து வருது?” என்று ஒருவர் கேட்டார்.

“நீங்கதானே சொல்லணும்,” என்றார் இயக்குநர்.

திரையில் தலைமையகம் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. கூட்டுத்தொகை கூடக் கூடாது. அதனால் கீழே பொத்தான்காரியின் முகவரி இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு. ஒன்று. அரை. ‘காய்ந்தது. இணைப்பு வழங்கலாம்.’

அவள் பையில் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“இந்தாம்மா, குழாய் இருமுது,” என்றான் கணவன். “இரு, இரு... வருது. பழுப்பா வருது. உயிர்காப்பாளர் பிடிக்கறாரு. வெள்ளையாயிருச்சு.” அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மூன்றரை அடி,” என்றது கூரை.

இயக்குநர் மேஜைமேல் நுனிக்காலில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். கோட்டின் ஒற்றை நூல் அறுந்தது. பொத்தான் மேஜையில் விழுந்து, தரையில் விழுந்து, காய்ந்த பளிங்கில் டிங் டிங் என்று உருண்டு அவள் காலடியில் வந்து படுத்தது. அவள் அதைப் பொறுக்கி எடுத்தாள். நான்கு துளைப் பொத்தான், நல்ல சாமான்.

“அம்மா,” என்றார் இயக்குநர். “உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

பொத்தான்காரி அந்தப் பொத்தானை மேஜையில், அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில், மிதிபடாத இடமாகப் பார்த்து வைத்தாள். தன் பையை எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று உடுப்பின் ஓரத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, சுவரை ஒட்டி மெல்ல மெல்லக் கால் எடுத்து வைத்து வெளியே போனாள்.